பத்தாம் நம்பர் ஸ்பேனர்

எங்கள் தெருவில் கரண்ட் போனால் கடைசியாகத் தெரிந்துகொள்பவர் நர்சம்மாதான். அவர் வீட்டில் அணைவதற்கு எதுவும் மிச்சமிருக்காது. மிக்சி, அயர்ன் பாக்ஸ், டிவி எல்லாவற்றின் பிளக்கும் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, வயர் சுருட்டப்பட்டு, ரப்பர் பேண்ட் போடப்பட்டிருக்கும். காலிங் பெல்லுக்குக்கூட உள்ளே தனியாக ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தார். யாராவது வருவதாகச் சொல்லியிருந்தால் மட்டும் அதைப் போடுவார். ஒருமுறை சொல்லாமல் வந்த பங்குத்தந்தை வாசலில் நின்று பெல்லை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பிப் போனார். நர்சம்மா ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்து, "சாமி யார் வீட்டுக்கு வந்துட்டுப் போறாரு?" என்று என்னிடம் கேட்டார்.

அரசு ஆஸ்பத்திரிகளில் வார்டு நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மஞ்சக்குப்பத்தில் எனக்கு அடுத்த வீடு. நான் அப்போது ஒரு நாளிதழுக்குக் கடலூர் நிருபர்.

"வேல இல்லாதது எதுவும் கனெக்சன்ல இருக்கக் கூடாது தம்பி," என்பார். "டிரிப்ஸ் பாட்டில் காலியாச்சுன்னா ஊசிய எடுத்துடணும். விட்டா கை வீங்கும். வீட்டுக்கும் அதான்."

இந்தக் கொள்கைக்கு வீட்டு எல்லை கிடையாது. ஒருநாள் என் மனைவியைப் பார்க்க வந்தவர், நான் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அதன் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி மேசைமேல் வைத்திருந்தார். நகராட்சிக் கூட்டத்தில் இரு தரப்பு கவுன்சிலர்கள் மோதிக்கொண்ட செய்தி அப்படியே போயிற்று.

"நர்சம்மா, அதுல நியூஸ் அடிச்சு வச்சிருந்தேன்."

"நீதான் எழுந்து போயிட்டியே," என்றார். குரலில் வருத்தம் எதுவும் இல்லை. நோயாளி படுக்கையிலிருந்து இறங்கிவிட்டால் விரிப்பை மாற்றிவிடுவார்கள் இல்லையா, அந்தத் தொனி.

இப்படிப்பட்டவர் கார் வாங்கினார். இடது முழங்கால் மடங்க மறுத்ததால் கிளட்ச் மிதிக்க வேண்டாத வண்டியாகப் பார்த்து, கியர் தானாக மாறும் ஆட்டோமேட்டிக் வாங்கினார். சின்ன கார், சாம்பல் நிறம். முதல் வருடம் அது நன்றாகவே ஓடியது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுவது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. எதிர் வீட்டு டிரைவர் மாமா, அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதில் ஒருமுறை போய்விட்டு வந்து, "இதுல ஓட்டுறதுக்கு என்ன இருக்கு மாப்ள? நம்மள கூட்டிட்டுப் போவுது, அவ்ளோதான்," என்று லேசான அவமானத்தோடு சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. டிரைவர் மாமாவின் மகனுடைய கார் வெளியே நின்றிருந்தது. மகன் சென்னையில், சாவியும் அவனிடம். மத்தியானம் அந்தக் கார் ஆள் இல்லாமலே ஹாரன் அடிக்கத் தொடங்கியது. வைப்பரும் தானாக ஆடியது. டிரைவர் மாமா தண்ணீரில் இறங்கி பானட்டை அறைந்தார். "டேய் நிறுத்துடா," என்று காரைத் திட்டினார். அது நிறுத்தவில்லை. சாயங்காலம் வரை அடித்து, பிறகு கம்மி, ஆட்டுக்குட்டி மாதிரி ஆகி, விட்டுவிட்டு முனகியது. நர்சம்மா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பல்ஸ் எறங்குது," என்றார்.

சத்தம் நின்றதும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உயிர் போன நேரத்தைக் குறிக்கும் வார்டுப் பழக்கம்.

தண்ணீர் வடிந்ததும் அவர் முதலில் வாங்கியது ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர். அதைக் கைப்பையில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து காரை எங்கே நிறுத்தினாலும் பானட்டைத் திறப்பார், பேட்டரியிலிருந்து வரும் கறுப்பு வயரின் நட்டைத் தளர்த்துவார், வயரை எடுத்து மஞ்சள் துணியில் சுற்றி ஓரமாக வைப்பார், மூடுவார். கிளம்பும்போது திரும்ப மாட்டுவார். வீட்டு வாசலில் மட்டுமல்ல. மாதா கோயில் முன்னால், மீன் மார்க்கெட்டில், கல்யாண மண்டபத்தில் எல்லா இடத்திலும் இதே சடங்கு. தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா ஒருத்தி, "நர்சம்மா வண்டிக்கு ஊசி போடுது பாரு," என்பாள். தெருவே பார்த்தது. நானும் பார்த்தேன். அவர் வீட்டில் ரப்பர் பேண்ட் போட்ட வயர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு செய்தியாகத் தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கார் உதைக்க ஆரம்பித்தது.

உதை என்பது சரியான சொல். கிளம்பி, வேகம் எடுத்து, கியர் மாறும் இடத்தில் பின்னாலிருந்து யாரோ காலால் எத்தியதுபோல் வண்டி முன்னால் தாவும். அடுத்த கியருக்கு இன்னொன்று. நிறுத்த பிரேக் பிடித்தால் இறங்கும் கியர்களிலும் ஒவ்வொன்று. ஊருக்குள் எப்போதும் உதைத்தது. நெடுஞ்சாலையில் தூரம் போகப் போக அடங்கியது. இதை வைத்து டிரைவர் மாமா, வண்டிக்குக் கடலூர் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

வேறு யாராவது என்றால் கொஞ்சம் உதை வாங்கிக்கொண்டே ஓட்டியிருப்பார்கள். நர்சம்மாவால் முடியாததற்குக் காரணம் சிதம்பரத்தில் இருந்தது. அவருடைய அக்கா. கணவர் இறந்து தனியாக இருந்தவர், குளியலறையில் விழுந்து முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பக்கத்துப் போர்ஷன்காரர்கள் சாப்பாடு கொடுத்தார்கள். பயணம் போகலாம், ஆனால் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவைக் கடலூருக்குக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். நர்சம்மாவுக்கு அந்த வருடம் இருந்த ஒரே ஆசை அதுதான்.

பஸ் முடியாது. ஆம்புலன்ஸை அக்கா ஏற்கவில்லை. "அதுல ஏறுனா தெருவே மால வாங்கப் போயிடும்." வாடகைக்கார் வைக்கலாமே என்று நான் கேட்டேன்.

"வாடக வண்டில வந்தா விருந்தாளி தம்பி," என்றார் நர்சம்மா. "என் வண்டில வந்தாத்தான் வீட்டுக்கு வர்றா."

முதல் முயற்சியின்போது நான் உடன் இருந்தேன். சிதம்பரத்தில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. அவருக்கும் ஒரு சாட்சி தேவைப்பட்டது. "நீ பேப்பர்காரன். உள்ளத உள்ளபடி பாரு," என்றார். முதுநகர் தாண்டும்வரை உதைத்தது. ஆலப்பாக்கத்தில் குறைந்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் வெண்ணெய். வெள்ளாற்றுப் பாலத்தில் கியர் மாறுவதை நான் காது கொடுத்துத் தேடவேண்டியிருந்தது.

டேஷ்போர்டில் இருந்த கடிகாரம் மட்டும் தப்பாக ஓடியது. கிளம்பும்போது பன்னிரண்டு, சிதம்பரத்தில் இறங்கும்போது ஒன்று சொச்சம். எல்லாவற்றிலும் ஜாக்கிரதையான ஒருவர் இதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "அது பொய் சொல்லும். எனக்குக் கைல இருக்கு," என்றார்.

தெற்கு வீதியிலிருந்து பிரியும் சந்தில் அக்கா வீடு. நிறுத்தினார். பானட், ஸ்பேனர், மஞ்சள் துணி. உள்ளே போய்ச் சாப்பிட்டோம். அக்கா தங்கையைவிட இரண்டு மடங்கு பருமன், வாய் நான்கு மடங்கு. வாக்கர் என்கிற நடைச் சட்டத்தைப் பிடித்து மெல்ல வந்து, முன் இருக்கையில் மூன்று தலையணைகளுக்கு நடுவே அமர்ந்தார். நர்சம்மா வயரை மாட்டினார், கிளம்பினார். சந்து முடியும் காபித்தூள் கடை முனையில் கார் உதைத்தது.

"நிறுத்துடி," என்றார் அக்கா.

"அக்கா, வர்றப்ப நல்லாத்தான் இருந்துச்சு. தம்பியக் கேளு."

நான், நன்றாகத்தான் இருந்தது என்று சாட்சி சொன்னேன்.

"அப்ப என்னக் கண்டாதான் உதைக்குதா? இறக்கி விடு."

காபித்தூள் கடையிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. அக்கா அதில் உட்கார்ந்து, பிறகு நாற்காலியோடு நாலு பேர் தூக்க, தன் வீட்டுக்கே திரும்பிப் போனார். போகும்போது கை அசைத்ததாக ஞாபகம்.

கடலூர் திரும்பியதும் வைத்தியம் தொடங்கியது. கம்பெனி ஒர்க் ஷாப்பில் வண்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஒரு கம்ப்ளைன்டும் காட்டவில்லை என்றார்கள். இருந்தாலும் கியர் ஆயிலை மாற்றி, நன்றாக ஓட்டிப் பார்த்துக் கொடுத்தார்கள். வீடு வரும்வரை பட்டு. மறுநாள் காலை வாசலிலேயே உதை. வேறொருவர், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் தளர்ந்திருக்கும் என்று அதை மாற்றினார். அவரும் புதுச்சேரி ரோட்டில் ஓட்டிக் காட்டினார். அருமையாகப் போயிற்று. மறுநாள் உதை.

அடுத்து டிரைவர் மாமாவின் முறை. நர்சம்மா தன்னை அறியாமல் இடது காலால் பிரேக்கைத் தொடுகிறார் என்பது அவர் கண்டுபிடிப்பு. "ஸ்கூட்டர் ஓட்டுன பழக்கம் மாப்ள. வலது கால் ஒன்னு பண்ணா எடது கால் சும்மா இருக்காது." இடது காலை இருக்கையின் மேல் ஏற்றி, பந்தியில் உட்காருவதுபோல் வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னார். மடங்காத முழங்காலைப் பாதி மடக்கி நர்சம்மா ஓட்ட, மாமா பக்கத்தில் உட்கார்ந்து, தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் ஊருக்கும் மாற்றி மாற்றிப் போய்வந்தார்கள். கடைசிச் சுற்றில் உதையே இல்லை.

"பாத்தியா? கால்தான்," என்றார் மாமா, தெருவுக்கே கேட்கும்படி.

மறுநாள் அதே கோலத்தில் கோயிலுக்குக் கிளம்பிய நர்சம்மா தெருமுனையில் உதை வாங்கித் திரும்பி வந்தார். மாமா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இப்ப ரெண்டு காலையும் மடிச்சிக்கிறேன். நீங்க பின்னாலேருந்து தள்ளிட்டு வர்றீங்களா?"

மாமா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

அந்த மாதங்களில் அந்தக் காரைத் தொட்டவர்கள் எல்லோரும் ஒருநாள் ஜெயித்தார்கள். பங்குத்தந்தை ஒருவர்தான் உடனே தோற்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வண்டியை மந்திரித்து, நான்கு பக்கமும் தீர்த்தம் தெளித்து, உள்ளேயும் தெளித்தார். நர்சம்மா சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினார். கேட்டைத் தாண்டுவதற்குள் கார் இதுவரை இல்லாத அளவுக்கு உதைத்தது. தந்தை தன் கையில் இருந்த தீர்த்தச் செம்பைப் பார்த்தார். அவர்மேல் தவறில்லை. பூசை முடியும்வரை வண்டி கோயில் வாசலில் நின்றிருந்தது. நின்றிருந்தது என்றால் நர்சம்மா முறையில் நின்றிருந்தது.

இரண்டாவது முயற்சியும் காபித்தூள் கடை முனையில் முடிந்தது. கடைக்காரர் இந்த முறை நாற்காலியை முன்பே வெளியே எடுத்துப் போட்டிருந்தார்.

அக்காவுக்கு இதற்குள் ஒரு தீர்மானம் வந்திருந்தது. வண்டி தன் எடையைத் தாங்கவில்லை. நர்சம்மா அதையும் சோதித்தார். பின் இருக்கையில் என்னையும் டிரைவர் மாமாவையும் நடுவில் ஒரு அரிசி மூட்டையையும் ஏற்றி, சிதம்பரம் வரை போய், நிற்காமல் திரும்பினார். புதுச்சத்திரம் தாண்டிய பிறகு, திரும்பும்போதும், எங்கும் உதைக்கவில்லை. அரிசி மூட்டை என் தொடையில் சாய்ந்தபடி வந்தது.

"அக்கா எடை இல்ல," என்று குறித்துக்கொண்டார். "வேற ஏதோ."

சிதம்பரம் பைபாஸில் ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கென்றே ஒரு மெக்கானிக் ஷெட் போட்டிருந்தார். நாற்பது வயது, உரத்த குரல், தன்னைப் பற்றிய உயர்ந்த அபிப்பிராயம். நாங்கள் போய் இறங்கியதும் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தார்.

"என்ன மேடம், வண்டி மெழுகு மாதிரி போவுது. கனவு கினவு கண்டீங்களா?"

"நான் தூங்கிட்டு வண்டி ஓட்ட மாட்டேன்," என்றார் நர்சம்மா.

அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கினார். "இந்த வண்டிக்குள்ள ஒரு மூளை இருக்கு. நீங்க எப்படி மிதிக்கிறீங்க, எப்ப விடுறீங்கன்னு பாத்துப் பாத்துப் படிச்சுக்கும். ஸ்கூல் புள்ள மாதிரி. அதுக்கேத்த மாதிரி கியர மெதுவா மாத்தும். படிப்பு வரலன்னாதான் உதைக்கும்." பிறகு விசாரணை. "பேட்டரி மாத்துனீங்களா?"

"இல்ல. வண்டியோட வந்ததுதான்."

"யாராவது வயரிங்ல கை வச்சாங்களா?"

"என்னைத் தவிர அதுல யாரும் கை வச்சதில்ல."

இரண்டுக்கும் அவர் உண்மையைத்தான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கும் எதுவும் தோன்றவில்லை. மின்விசிறியை அணைக்கிறவரிடம் போய் மின்விசிறியை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்வார்.

"சரி, அந்தப் பெரியம்மா ஏறுனாதான உதைக்குது? நானே வந்து பாக்குறேன்," என்றார் மெக்கானிக். அவரே ஓட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தார். உதை இல்லை. உள்ளே காபி கொடுத்தார்கள். "இதோ வந்துட்டேன்," என்று நர்சம்மா ஒரு நிமிடம் வெளியே போய்விட்டு வந்தார். யாரும் கேட்கவில்லை. காபி முடிந்ததும் எங்களுக்கு முன்னால் எழுந்து மறுபடி போனார்.

அக்கா தலையணைகளுக்கு நடுவே ஏறினார். நானும் மெக்கானிக்கும் பின்னால். அக்கா டேஷ்போர்டைக் கைவிரலால் தட்டினார்.

"இந்தா, பன்னெண்டு ஆயிடுச்சு. இனிமே உதைக்கும்."

"பெரியம்மா, இப்ப மணி நாலு," என்றார் மெக்கானிக்.

"எனக்குத் தெரியாதா? கோயில் மணி கேக்குற வீட்ல இருக்கேன். நான் ஏறுறப்பல்லாம் இந்த வண்டிக்குப் பன்னெண்டுதான். அதுவே எனக்குப் புடிக்கல."

மெக்கானிக் டேஷ்போர்டுக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் பானட்டைத் திறந்தார். நாங்கள் காத்திருந்தோம்.

"மேடம், கொஞ்சம் வாங்க. இந்த நட்டு ஏன் இப்படி மழுங்கிப் போயிருக்கு?"

நர்சம்மா எட்டிப் பார்த்தார். "தினம் கழட்டி மாட்டுனா மழுங்காதா?"

மெக்கானிக் அக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு மெதுவாகப் பேசினார். "பேட்டரி வயர எடுத்தா கடிகாரம் பன்னெண்டுக்குப் போயிடும், மூளைக்கும் படிச்சதெல்லாம் மறந்துடும் மேடம். திரும்பப் படிக்க அதுக்குக் கொஞ்ச தூரம் ஓடணும். நீங்க தினம் சிலேட்ட அழிச்சுட்டு, புள்ளைக்குப் படிப்பு வரலன்னு ஊர் ஊரா தூக்கிட்டுப் போயிருக்கீங்க."

"நான் வண்டிய ஒன்னும் பண்ணலப்பா. நிறுத்தி வச்சா அணைச்சு வைக்கிறேன். அதுல என்ன தப்பு?"

"கழட்டாதீங்க. அவ்ளோதான் வைத்தியம்."

"மழ வந்தா?"

"மழ வந்தா வரட்டும்."

நர்சம்மா அந்தப் பதிலை ஏற்றுக்கொண்ட முகத்தோடு இல்லை. அக்கா காருக்குள் இருந்தபடியே சிரித்தார். சிரித்தால் முதுகு வலிக்கும் என்று அவருக்கு எச்சரிக்கை இருந்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார். "ஒருத்தனோடயும் கனெக்சன் வச்சிக்காதவகிட்ட போய் இத மட்டும் கழட்டாதன்னா எப்படி தம்பி கேப்பா?"

அன்று அவர் வரவில்லை. வண்டி முழுசாகப் படித்து முடிக்கட்டும் என்றார். அதோடு இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, உதைக்கக் கூடாது. "ரெண்டாவது, எனக்கு அங்க புடிக்கலன்னா, கெளம்பணும்னு சொன்ன நிமிஷம் வண்டி கெளம்பணும். நாளைக்குப் போலாம், மழ வருது, பூச இருக்குன்னு சாக்கு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்," என்றார் நர்சம்மா.

அழைத்துவரப் போன நாளில் நர்சம்மா வயரைக் கழற்றவில்லை. ஆனால் அக்காவின் வீட்டுக்குள்ளும் அவர் வரவில்லை. கனெக்சனில் இருக்கும் ஒன்றைத் தனியே விட்டுப் போக அவரால் முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கி, சந்தில் காருக்குப் பக்கத்தில் போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்தார். சாப்பாட்டுத் தட்டு மடிக்கு வந்தது. நடுநடுவே எழுந்து, புறங்கையைப் பானட்டின்மேல் வைத்துப் பார்த்தார். போகிறவர்கள் எல்லாம், "வண்டி நின்னுடுச்சாம்மா? தள்ளணுமா?" என்று கேட்டார்கள். காபித்தூள் கடைக்காரர் நாற்காலியோடு தயாராக இருந்தார். கார் அவர் கடை முனையில் நழுவித் திரும்பியபோது அவர் முகத்தில் ஏமாற்றம்கூடத் தெரிந்தது. புதுச்சத்திரம் வருவதற்குள் அக்கா தூங்கிவிட்டார். மஞ்சக்குப்பம் வரை குறட்டை கியரைவிடச் சத்தமாக மாறிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் இரண்டு குரல்கள் கேட்டன.

"ஃபேன் பிளக்க ஏன்டி புடுங்குன?"

"நீ குளிக்கப் போயிருந்த."

"குளிச்சுட்டு வரமாட்டேனா? என்னக் கொண்டுபோய் விட்டுடு. கெளம்பணும்."

நர்சம்மா கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். கொடுத்த வாக்கு. "வா, வண்டி ரெடி," என்பார். "இட்லி ஊத்தி வச்சிருக்க. அதச் சாப்ட்டுப் பாக்குறேன்," என்று உள்ளேயிருந்து பதில் வரும். இப்படிப் பல முறை. முதுகு தேறி, நடைச் சட்டம் போய் கைத்தடி வந்த பிறகும் இது நிற்கவில்லை. அதனால் கார் எப்போதும் தயாராக இருக்கவேண்டியிருந்தது. வீட்டில் சும்மா இருக்கும்போதும் கனெக்சனில் இருந்த ஒரே பொருள் அதுதான். ராத்திரி படுக்கப் போகுமுன் அவர் வந்து புறங்கையால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

பிறகு மழைக்காலம் வந்தது. வங்காள விரிகுடாவில் புயல் ஒன்று உருவாகியிருந்தது.

"தம்பி, எங்க இருக்கு?"

"இப்போதைக்குக் கடல்லதான் நர்சம்மா. நமக்கும் கிள்ளைக்கும் நடுவுல எங்கயாவது வரலாம்னு சொல்றாங்க."

மறுநாள் காலை தெருவில் கணுக்காலுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. டிரைவர் மாமா மகனின் காரை மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். "நீங்களும் கொண்டு போய் விடுங்களேன்," என்றேன். "அக்கா கெளம்பணும்னு சொன்னா?" என்று கேட்டார் நர்சம்மா. சற்று நேரத்தில் பார்த்தபோது பானட் திறந்திருந்தது. குடையைத் தோளில் இடுக்கி, ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, பேட்டரியைப் பார்த்தபடி நின்றிருந்தார். தொடவில்லை. தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு வந்துகொண்டிருந்தது.

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னடி முழிக்கிற?"

"தண்ணி ஏறுது."

"அப்பக் கழட்டு."

"கழட்டுனா மறந்துடும். நீ கெளம்பணும்னு சொன்னா வண்டி உதைக்கும்."

மழை ஓடுகளில் அடித்தது. அக்கா தண்ணீரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் அப்படி யோசித்து நான் பார்த்ததில்லை.

"கழட்டுடி," என்றார். "நான் எங்கயும் போவல. கழட்டிட்டு உள்ள வந்து இந்த ஃபேன் பிளக்க மட்டும் மாட்டு."

நர்சம்மா குனிந்து நட்டைத் தளர்த்தினார். வயரை மஞ்சள் துணியில் சுற்றினார். பானட்டை மூடியவர், பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் போய், பார்க்காமல் உள்ளே போனார்.

புயல் வேறு பக்கம் போய்விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இருவரும் கிளம்பினார்கள். தெருமுனையில் கார் பழையபடி ஓங்கி உதைத்தது. பின் கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் ஒன்றாக முன்னால் போய், ஒன்றாகப் பின்னால் வந்ததைப் பார்த்தேன். வண்டி நிற்கவில்லை. யாரும் இறங்கவில்லை.